ஆறாம் ஃப்ரெட்டுக்குப் போன சுண்டுவிரல்

ஓர் ஊரில் ஒரு சுண்டுவிரல் இருந்தது. பெர்னதெத் என்ற அம்மாளின் இடது கையில். நாற்பத்தாறு வருஷமாக அதற்கு வேலையே கிடையாது. வெங்காயத்தைப் பிடிக்க மற்ற நான்கு பேர் போதும். இது ஓரமாக நிற்கும், கல்யாண வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத சொந்தக்காரர் மாதிரி.

பெர்னதெத் கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கக் கிளம்பினாள். பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் கார்டுகளில் அவளுக்குத் தெரிந்த நாலைந்துக்கும் சுண்டுவிரல் தேவைப்படவில்லை. பிறகு குழுத் தலைவர் ராயப்பன் சார் ஆல்டர்டு கார்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஜி செவன் கார்டில் இரண்டு சுரங்களை வேண்டுமென்றே இடம் மாற்றி வைப்பது. கேட்டால் பல் கூசும். அடுத்து சி கார்ட் வந்தால்தான் மூச்சே வரும்.

அதற்குக் கிட்டார் கழுத்தின் ஆறாம் கட்டத்தில், அதாவது ஆறாம் ஃப்ரெட்டில், மெல்லிய கம்பியின்மேல், சுண்டுவிரல் வேண்டும்.

"நானா?" என்றது சுண்டுவிரல்.

"வேற யாரு? நாங்கெல்லாம் வேலையா இருக்கோம்," என்றது ஆள்காட்டி, மூன்றாம் ஃப்ரெட்டில் குறுக்கே படுத்தபடி. "சீக்கிரம் வா. முதுகு ஒடியுது."

சுண்டுவிரல் நீட்டி நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை.

"அரிசி களையுறப்போ ஒருநாளாவது குனிஞ்சிருந்தா இந்தக் கதி வருமா?" என்று மோதிரவிரல் இளித்தது.

பத்தாம் நாள் தோல் உரிந்தது. பதினேழாம் நாள் எட்டியது. கார்ட் கோணலாக, கசப்பாக, முழுசாக ஒலித்தது.

"அண்ணே, இது நான் போட்ட சத்தம்தானே?"

"ஆமாம், ஆமாம். அழுத்து," என்றது ஆள்காட்டி.

அப்புறம் தினமும் அந்த ஒரே கார்ட்தான். விரல் மரத்துப்போனால் பெர்னதெத் வலது கையால் பிரித்தெடுத்து உதறுவாள், மறுபடி அழுத்துவாள். அங்கிருந்து சி கார்டுக்குப் போய்ப் பழக அவளுக்குத் தோன்றவில்லை. சி ஏற்கெனவே தெரிந்த கார்ட் ஆயிற்றே!

ஒருநாள் மெல்லிய கம்பி சொன்னது: "சி வரும்போது நீ என்னை விட்டுடணும், தெரியுமில்ல? அங்கே உனக்கு இடமில்லை."

சுண்டுவிரல் கம்பியை இன்னும் இறுக்கி அழுத்தியது. "பரவாயில்லக்கா. என்னாலதானே அங்கே போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசையில், பாட்டில் அந்தக் கார்ட் வரும் இடம் வந்தது. சுண்டுவிரல் உயிரைக் கொடுத்து அழுத்தியது. கோயிலுக்கே பல் கூசியது.

"போதும், எடு!" என்றது ஆள்காட்டி.

எடுக்கத்தான் பார்த்தது. விறைத்து நின்றது.

"எடுடா சனியனே! நீ கிளம்பாம நாங்க எப்படிக் கிளம்புறது?"

"எடுக்கச் சொல்லித் தரலையே, அண்ணே."

சி வரவே இல்லை. பாடியவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். ஆர்மோனியம்தான் வந்து இறக்கிவிட்டது.

"விடுங்கம்மா," என்றார் ராயப்பன் சார். "சாதா ஜி செவனே போதும். யாருக்குத் தெரியப்போகுது?"

அடுத்த ஞாயிறு மூன்று விரல்கள் சாதா ஜி செவன் போட்டு, அலுங்காமல் சி கார்டுக்குப் போய் இறங்கின. பூசை முடிந்து ஓர் அம்மாள் பெர்னதெத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குத்தான் பாட்டு பாட்டா இருந்துச்சு."

சுண்டுவிரல் மட்டும் அப்போதும் அழுத்திக்கொண்டிருந்தது. அதனடியில் கம்பி இல்லை.