பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு வீடு

இந்தக் கதையில் ஒரு பூட்டு வருகிறது. அதன் சாவியும் கதைக்குள்ளேயே கிடக்கிறது. கண்ணில் பட்டால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் கேட்பேன்.

சங்கரவடிவு குடியிருந்த வீடு ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்தது. பஜார் வீடுகள் அப்படித்தான், முகம் சிறுத்து உடம்பு நீண்டு கிடக்கும். முன்னால் கடை, நடுவில் ஒரு கதவு, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் அடுத்த தெருக்காரரின் சுவர். மாமனார் சாகும்முன் மூத்தவனுக்கு வீடு, இளையவன் தளவாய்க்குக் கடை என்று பிரித்துக் கொடுத்தார். மூத்தவன்தான் வடிவின் கணவன். அவன் கப்பல் வேலைக்குப் போய்விட, வீட்டில் அவளும் கைக்குழந்தை இனியாவும் மட்டும். வெளியே போக ஒரே வழி, கடை வழி.

தளவாய் கெட்டவன் இல்லை. வடிவுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் கத்தியாவது தீர்க்கலாம். ஒருமுறை திருட்டுக் கொடுத்த அப்பா, சாகக் கிடந்தபோது இவன் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருந்தார்: கடையைப் பூட்டாமல் விட்டுப் போகக் கூடாது. அதனால் ராத்திரி மட்டுமில்லாமல், மத்தியானம் சாப்பிடத் தன் வீட்டுக்குப் போகும்போதும் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவான். உள்ளே தாயும் பிள்ளையும். அந்தப் பூட்டு உள்ளிருந்தும் திறக்கும், சாவி இருந்தால்.

"தம்பி, எனக்கொரு சாவி குடுங்க. பிள்ளைக்கு ஒருதடவை வலிப்பு வந்திருக்கு. மறுபடி வந்தா நான் எங்க போவேன்?"

"சாவி ரெண்டானா கடை ரெண்டாயிரும் மதினி. நான் என்ன அமெரிக்காவுக்கா போறேன்? சோத்தைத் தின்னுட்டு ஓடி வந்துருவேன்."

ஒவ்வொரு தடவையும் இதே பதில், இதே சிரிப்பு. கூடவே ஒரு கடலைமிட்டாய், "பாப்பாவுக்கு" என்று. சாவி கேட்டுப் போனவள் மிட்டாயோடு திரும்புவாள். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஆனால் விடிந்தால் அவளில்லாமல் அவனுக்கு வியாபாரம் இல்லை. ஷட்டரை உயர்த்திவிட்டுத் தெருவிலேயே நிற்பான். "மதினி, வாங்க!" அவள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட பிறகுதான் உள்ளே வந்து சூடம் கொளுத்துவான். அதற்குமுன் யார் வந்து கேட்டாலும் ஒரு தீப்பெட்டிகூட விற்க மாட்டான்.

வடிவு பயந்தது ஒரு மத்தியானம் நடந்தது. காய்ச்சல் ஏறிப் பிள்ளை விறைத்துவிட்டது. தளவாய்க்குப் போன் அடித்தாள். மணி கல்லாப்பெட்டி மேலிருந்து கேட்டது, மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஷட்டரைக் கை வீங்கத் தட்டினாள். எதிரே இரும்புக்கடை காதர் மைதீன் பாய் கடப்பாரையோடு ஓடி வந்து, பூட்டைப் பார்த்ததும் தயங்கினார். ஒருவர் கடைப் பூட்டை இன்னொருவர் தொடக் கூடாது என்பது பஜார் கட்டுப்பாடு.

"பாய், உடைங்க! பிள்ளை போயிரும், உடைங்க!"

உடைத்தார். பிள்ளை பிழைத்தது. "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கையை மீறியிருக்கும்," என்றார் டாக்டர்.

தளவாய் வியாபாரிகள் சங்கத்தில் பிராது கொடுத்தான். பாய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அண்ணன் வரும்வரை மதினி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆஸ்பத்திரி ஒரு தெரு தள்ளி இருக்கும் இந்த வீட்டை விட்டு, பஸ்கூட நினைத்தபோது வராத ஊருக்கு வலிப்புப் பிள்ளையோடு போவதா?

கான்வென்ட்டில் தமிழ் பேசியதற்காக வகுப்புக்கு வெளியே நின்றவள், இப்போது வெளியே போக வழி தேடித் தமிழ் அகராதியில் 'கடை' என்ற சொல்லைப் புரட்டினாள்.

விசாரணைக்குச் சங்கத் தலைவர் நல்லபெருமாள் அண்ணாச்சி கடை முன்பாகவே நாற்காலி போடச் சொன்னார். "கோலத்தை மிதிக்காமப் போடுங்கப்பா!" என்று தளவாய் பதறினான். அன்றைக்கும் அவன் கூப்பிட்டிருந்தான்: "சண்டை சண்டையாவே இருக்கட்டும் மதினி, கோலத்தைப் போட்டுட்டுப் போங்க."

வடிவு எழுந்தாள். "அண்ணாச்சி, கடைன்னாலே முதல்ல வாசல்தான். வீட்டுப் பின்வாசலைப் புழக்கடைங்கோம், அங்க யாரு யாவாரம் பண்ணுதா? அந்தக் காலத்துல புலவர்கள் பரிசு கேட்டு நின்ன இடத்துக்கு நெடுங்கடைன்னு பேரு. அங்க என்ன பருப்பா வித்தாங்க? ராஜா வீட்டு வாசல் அது. வாசல்ல சாமான் பரப்பி உக்காந்த பிறகுதான் விக்கிற இடத்துக்கும் அந்தப் பேரு வந்திருக்கணும். அப்ப இவரு பூட்டினது வாசலைத்தானே?"

"அதே அகராதியில கடைன்னா கடைசின்னும் போட்டிருக்கு மதினி," என்றான் தளவாய். "நீங்க எல்லாருக்கும் கடைசியா வாங்க!"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார்.

இப்போது சொல்லுங்கள். பூட்டியவனா, உடைக்கச் சொன்னவளா, உடைத்தவரா, இதில் யார் செய்தது சரி? அகராதி தோற்ற இடத்தில் வடிவு எதைக் காட்டினால் அண்ணாச்சி ஒப்புக்கொள்வார்?

விடை: அவள் காட்டியது காலடியில் இருந்த கோலத்தை. "தம்பி, கடை உங்களது. கோலம் போட உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டு வராம என்னை ஏன் கூப்பிடுதீங்க?" தளவாய் யோசிக்காமல் சொன்னான், "வீட்டு வாசல்ல வீட்டுப் பொம்பளைதானே..." சொல்லும்போதே அவன் கண் கோலத்துக்குப் போனது. பாய் மன்னிப்புக் கேட்க வேண்டாம், வடிவு ஊருக்குப் போகவும் வேண்டாம் என்றார் அண்ணாச்சி. ஆள் உள்ளே இருக்கும் வீட்டு வாசல் அது. அதனால் பாய் உடைத்தது வெறும் கடைப் பூட்டு இல்லை. உடைக்கச் சொன்னவள் தன் வாசலைத்தான் திறக்கச் சொன்னாள். பூட்டச் சொன்ன அப்பா, சாவி ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று எங்கே சொன்னார்? அன்றைக்கே புதுப் பூட்டும் இரண்டு சாவியும் வந்தன. ஒன்றை வடிவு தாலிச் சரட்டு ஊக்கில் மாட்டிக்கொண்டாள். மறுநாள் விடியலில் தளவாய் வந்தபோது ஷட்டர் உயர்ந்திருந்தது, கோலமும் காய்ந்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு நின்றாள்.

"வாங்க தம்பி," என்றாள். "உள்ள வாங்க."