எஸ்தர் கையைக் கட்டிக்கொண்ட காலை

பக்கவாதம் வந்தவர்களை மறுபடியும் நடக்க வைக்கிற அந்த வார்டுக்கு எஸ்தர் புதிது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வருஷக்கணக்காக நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். அவளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் நிலோஃபர் அவளைவிட வயதில் சின்னவள். ஆனாலும் எஸ்தருக்கு அவள்தான் குரு.

ஒரு நாள் காலையில் எஸ்தர் படபடப்பாக வந்தாள்.

“மேடம், லாரி டிரைவர் பொன்னுரங்கம் நேத்து சாயங்காலம் விழப் பார்த்தாராம். என்கிட்ட நல்லா எழுந்து நிக்கிறார். நான் டியூட்டி முடிஞ்சு போயிட்டா யார்கிட்டயும் நிக்க மாட்டேங்கிறார். அவர் சம்சாரம் பயந்துபோய், வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேங்கிறாங்க. ரெண்டு வேளையும் என்னையே போடுங்க.”

“மத்தவங்ககிட்ட ஏன் நிக்கல?”

“அவங்களுக்குத் தூக்கத் தெரியல.”

“உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்போ சொல்லிக் கொடுங்க. கையைக் கட்டிக்கிட்டு.”

பொன்னுரங்கம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் துண்டு துண்டாகத்தான் வரும். வாசலில் அவர் மனைவி துணிப்பையோடு தயாராக நின்றாள். உதவியாளர் செண்பகம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

எஸ்தர் கையைக் கட்டிக்கொண்டாள்.

“அவர் பாதத்தைக் கொஞ்சம் பின்னால இழுத்து வை. வலது முட்டிக்கு உன் முட்டியை அணை கொடு. ஆங், இப்போ தூக்கு.”

செண்பகம் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். அவர் “ஆ!” என்று முகத்தைச் சுளித்துப் பின்னால் சாய்ந்தார்.

எஸ்தரின் கை தானாக அவிழ்ந்தது. நிலோஃபர் திரும்பிப் பார்த்தாள். எஸ்தர் மறுபடி கட்டிக்கொண்டாள்.

தினமும் செய்கிற வேலைதான். வாயில் வரமாட்டேன் என்றது. கடைசியில் அவரிடமே கேட்டாள்.

“அண்ணே, இந்த இடத்துல நான் என்ன பண்ணுவேன்?”

அவர் வார்த்தையைத் தேடித் தவித்தார்.

“சிஸ்டர்... சும்மா... இருப்பாங்க.”

எஸ்தருக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

“தூக்காத செண்பகம். அவரா முன்னால குனியட்டும். அதுவரைக்கும் பொறு.”

செண்பகம் பொறுத்தாள். எல்லோரும் பொறுத்தார்கள். பொன்னுரங்கம் மூச்சை இழுத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். இன்னும் குனிந்தார். எழுந்தார். செண்பகத்தின் கை அவர் இடுப்பில் பட்டும் படாமலும் இருந்தது.

“ஐயோ, நிக்கிறாரே!” என்று அவர் மனைவி பையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள், உடனே சிரித்தாள்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு எஸ்தரும் செண்பகமும் சேர்ந்தே சொல்லிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அவர்களிடமும் அவர் எழுந்து நின்றார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது எஸ்தருக்கு உடம்பே லேசாக இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

“இனிமே யார் வந்தாலும் அவர் நிப்பார். அப்போ எனக்கு என்ன மேடம் வேலை?”

நிலோஃபர் சிரித்தாள்.

“நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்ல நிம்மதியா தூங்கறது, சிஸ்டர்.”