கீழக்குப்பம் முகாமுக்கு வந்த கதை

போன புயலின்போது கிராம உதவியாளர் அஞ்சலையைக் கலெக்டர் பாராட்டியதிலிருந்து தாசில்தார் வைத்தியலிங்கத்துக்கு ஒரே வயிற்றெரிச்சல். இந்தப் புயலுக்குக் கீழக்குப்பத்து மீனவர்கள் வீட்டைவிட்டு நகர மறுத்ததும், அவர் அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"ஜீப்பும் கிடையாது, போலீசும் கிடையாது. பொழுது சாயறதுக்குள்ள அத்தனை பேரையும் நீயே முகாமுக்குக் கூட்டிட்டு வா. இல்லேன்னா உன் வேலை போயிடும்!"

அஞ்சலை குப்பத்துக்குப் போனாள். "நீங்க வராட்டி பரவாயில்ல. முகாம் மாடி முழுக்க மேலக்குப்பத்துக்காரங்களுக்கே குடுத்துடறோம்" என்றாள்.

"அவனுங்க மாடியில, நாம மண்ணுலயா?" என்று குப்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தது.

அன்றிரவு முகாமில் சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வந்த கலெக்டர் அசந்துபோனார். "இந்த யோசனை எப்படிம்மா வந்துச்சு?"

"பொறாமை வந்தா மனுசன் நிக்கமாட்டான் சார். தினமும் தாசில்தார் ஐயாவைப் பார்க்கிறேனே!"

கலெக்டர் திரும்பிப் பார்ப்பதற்குள், பின்னால் நின்ற தாசில்தார் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் புகுந்துவிட்டார்.