இல்ல போ கடை

சாப்பிட்டுவிட்டு வந்து இந்த வழக்கைக் கேளுங்கள். பசியில் நியாயம் கோணிப்போகும்.

தூத்துக்குடிப் பக்கம் மரியபுஷ்பம் மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடை நடத்திவந்தாள். பலகையில் ‘புனித மேரி மெஸ்’ என்றுதான் இருந்தது. ஆனால் குழம்பு தீர்ந்துவிட்டால் யார் வந்தாலும் “இல்ல, போ!” என்பாள். அவள் கொழுந்தன் அந்தோணிராஜ் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவன் வாயிலிருந்துதான் ‘இல்ல போ கடை’ என்ற பெயர் பிறந்தது. அவளுக்கோ அது பெரிய அவமானம். முந்தானையில் முகம் புதைத்து அழுதிருக்கிறாள்.

பெயர் வெளியூர் வரை போய், அதைத் தேடியே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உடனே அந்தோணி என்ன செய்தான்? புறவழிச்சாலையில் தானே ஒரு கடை திறந்து, ஆளுயர எழுத்தில் ‘இல்ல போ’ என்று பலகை மாட்டினான். காரில் வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். மரியபுஷ்பத்தின் அடுப்பில் பெரிய சட்டி போய்ச் சின்னச் சட்டி ஏறியது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் முன்னால் இருவரும் நின்றார்கள்.

“பேரு நான் வெச்சது அண்ணாச்சி. மைனிக்கு அது பிடிக்கவே பிடிக்காது, கேட்டுப் பாருங்க!” என்றான் அந்தோணி.

“பிடிக்கலதான். ஆனா அந்தப் பேரால கேலிப்பட்டது நான்தானே?” என்றாள் அவள்.

மறுநாள் மத்தியானம் கழிந்து, நல்ல பசியோடு தலைவர் அந்தோணியின் கடைக்குள் நுழைந்தார். “உங்களுக்கு இல்லாமலா அண்ணாச்சி!” என்று அவன் ஓடிவந்து பரிமாறினான். குழம்பில் பழைய வாடை அடித்தது. பாதியில் எழுந்தவர் நேரே மரியபுஷ்பத்தின் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

சட்டியின் அடியில் கொஞ்சம் குழம்பு ஒட்டிக் கிடந்தது. பக்கத்து அடுப்பில் வெந்நீர் கொதித்தது. ஒரு கரண்டி ஊற்றினால் அவருக்குப் போதும், கடையும் பிழைக்கும். கரண்டியை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

“இல்ல அண்ணாச்சி,” என்றாள். “போங்க.”

வைத்தவன் ஒருவன், வெறுத்தவள் ஒருத்தி. அந்தப் பெயர் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மரியபுஷ்பத்துக்கே என்றார் தலைவர். அந்தோணிக்கு அந்தப் பெயரை எழுதத் தெரிந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. அவன் பலகை இறங்கியது. தன் பலகையில் அந்தப் பெயரை எழுதப் பெயின்டர் வந்தபோது அவள் தலைவரிடம் ஓடினாள். “அண்ணாச்சி, மரியாதையா ‘போங்க’ன்னு எழுதச் சொல்லட்டா?” அன்று பசியோடு வீடு போன மனுஷர் சிரித்துவிட்டார். “வேண்டாம்மா, ‘போ’ன்னே இருக்கட்டும். அந்த ‘ங்க’ எனக்கு மட்டும்.”