கடையே கேட்ட ரகசிய எண்

கோவில்பட்டி ஜவுளிக்கடை முதலாளி பொன்ராசு அண்ணாச்சியின் கிரெடிட் கார்டில் யாரோ டிவி வாங்கிவிட்டார்கள். அவர் பாஸ்வேர்டு தட்டும்போது பார்த்திருப்பாள் என்று, பில் போடும் ஜெபராணி மேல் பழி விழுந்தது. பாஸ்வேர்டு தெரியாமலே யாரும் திறக்கலாம் என்றாள் அவள்.

"பாஸ்வேர்டு என் மனசுக்குள்ள இருக்கு. அது தெரியாம கணக்கைத் திறக்க முடியுமா? திறந்து காட்டு! இல்லேன்னா வேலையை விட்டுக் கிளம்பு!" என்று கத்தினார்.

 ஜெபராணி கணினியில் வங்கியின் பக்கத்துக்குப் போய், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினாள். அண்ணாச்சியின் போன் ஒலித்தது. எந்தச் செய்தி வந்தாலும் வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். வந்த ரகசிய எண்ணையும் கடை அதிரப் படித்தார்.

அவள் அதைத் தட்டினாள். கணக்கு திறந்தது.

"இந்த நம்பரை நான் மட்டுமா கேட்டேன், அண்ணாச்சி?"

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அண்ணாச்சி அவளருகே குனிந்து, "தப்பாப் பேசிட்டேன்மா" என்று முணுமுணுத்தார்.

"திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சே, அண்ணாச்சி. இதையும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."