எது கட்டி?

ஸ்லைடு தயாரிக்கும் சைலீன் திரவத்தின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், டாக்டர் சம்சுதீனுக்கு மதுரையில் தாம் படித்த காலத்துப் பரிசோதனைக்கூடம் நினைவுக்கு வந்துவிடும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கும் நுண்ணோக்கி, ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி, எதிரே பாடம் சொல்லித்தரும் பிலோமினா மேடம். இப்போது அந்தக் கட்டிடமும் இல்லை, மேடமும் இல்லை.

அங்கே ஒருநாள், அருளப்பன் என்ற நோயாளியின் மூளைக்கட்டித் துண்டைச் சாயமிட்டுப் பார்த்துவிட்டு அவர் மேடத்திடம் ஓடினார்.

“என்ன சம்சு, பெருநாள் பிறையைப் பார்த்த மாதிரி வர்றீங்க?”

“ஏற்பி இருக்கு மேடம்! எல்லா செல்லுக்கு மேலயும் பழுப்பா நிக்குது.”

ஏற்பி என்பது செல்லின் மேல் நிற்கும் ஒரு புரதம்; அதைத் தேடிப்போய், அது இருக்கிற செல்லைக் கொல்லும் புது மருந்து ஒன்று அப்போது சோதனையில் இருந்தது. கட்டியில் ஏற்பி உண்டு என்று எழுதிக்கொடுத்தால், கிரேன் ஓட்டும் அருளப்பனின் மூளைக்குள் அதைச் செலுத்துவார்கள். மற்ற மருந்துகள் கைவிட்டுவிட்டன. அவர் மனைவி காலையிலிருந்து வாசலிலேயே நின்றாள்.

“நல்ல மூளையிலயும் இந்தச் சாயத்தைப் போட்டுப் பார்த்தீங்களா?”

“நோயில்லாத இடத்துல எதுக்கு மேடம்?”

மேடம் காப்பியைக் குடித்து முடித்தார்.

மறுநாள் இரண்டு ஸ்லைடுகளை எடுத்துவந்தார். ஒன்று அருளப்பனின் கட்டி. மற்றது விபத்தில் இறந்த ஒருவரின் நோயற்ற மூளை. இரண்டிலும் ஏற்பியைப் பழுப்பாகக் காட்டும் சாயம் மட்டுமே. உட்கருவைக் காட்டும் நீலச் சாயத்தை வேண்டுமென்றே விட்டிருந்தார்.

பெயர்ச் சீட்டுகளை விரலால் மறைத்துக்கொண்டு கேட்டார்: “எது கட்டி?”

சம்சுதீன் பார்த்தார். மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே பழுப்பு.

“நீலம் இல்லாம எப்படி மேடம்? கட்டியோட உட்கரு கோணலா இருக்கும், அது தெரிஞ்சா உடனே சொல்லிடுவேன்.”

“தெரியும். இருக்கிறதை வச்சுச் சொல்லுங்க.”

கடைசியில் சம்சுதீன் ஒன்றைத் தொட்டார். மேடம் விரலை எடுத்தார். அது நோயற்ற மூளை.

சம்சுதீன் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார். வாசலில் நிற்கும் அருளப்பனின் மனைவி நினைவுக்கு வந்தாள்.

“அந்த அம்மா கேப்பாங்களே மேடம். கட்டியில ஏற்பி இருக்குங்கிறது பொய்யில்லையே?”

“பொய்யில்லை,” என்றார் மேடம். ஸ்லைடுகளைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“மருந்துக்கும் நீலம் தெரியாது, சம்சு. பழுப்பு இருக்கிற எதையும் கொல்லும்.”