பச்சைச் சேலைப் பொம்மை

பங்குனி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் நான்கு மழை. மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கணவாய் வழியாக வந்த காற்று இருக்கிறதே, அது ஊரையே பிடித்து உலுக்கியது. திருமேனி மலையடிவாரத்துக் குடிசைக்கு வந்து சேர்ந்தபோது கையில் குடைக் கம்பிதான் மிச்சம் இருந்தது.

குடிசை மொழியம்மாவுடையது. முழுப் பெயர் குழல்வாய்மொழி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. விதை சேர்த்து ஊருக்குக் கொடுப்பாள். உபதேசமெல்லாம் கிடையாது. கேட்டால் பதில் சொல்வாள், சில நாள் அதுவும் இல்லை. திருமேனிக்கு ஐம்பத்தெட்டு. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆடியில் மனைவி பேச்சியம்மை இறந்ததிலிருந்து தினமும் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொண்டார். அவள் மறுக்கவில்லை, அவ்வளவுதான். மகள் வயதுப் பெண்ணிடம் இந்த மனிதன் என்னத்தைக் கற்கிறான் என்று ஊர் சிரித்தது. ஊருக்கு வேறு வேலை என்ன?

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்கய்யா."

"செத்தவ வந்து கூப்பிட்டா, போகலாமா?"

மொழியம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

"கூப்பிட்டாளா?"

"இன்னும் இல்ல. வந்துக்கிட்டிருக்கா."

விஷயம் இதுதான். பேச்சியம்மை வீட்டுப் புறவாசலில் ஒரு தோட்டம் போட்டிருந்தாள். கண்ணேறு படாமல் இருக்க வருஷா வருஷம் பங்குனியில் அதில் ஒரு வைக்கோல் பொம்மை நடுவாள். தலைக்கு ஒரு சட்டி, சட்டியில் சுண்ணாம்பால் கண்ணும் வாயும். உடம்புக்குத் திருமேனியின் பழைய சட்டை, பழைய வேட்டி. "தோட்டத்துக்கு நீங்க செய்யுத ஒரே வேலை இதுதான்" என்பாள். மழையில் பொம்மை சாய்ந்தால், "இந்தாங்க, நிமிந்து நில்லுங்க, இது என்ன ஆபீஸா?" என்று அதைப் பார்த்துத் திட்டுவாள். திருமேனி அடுக்களை வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்தபடி சிரித்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

இந்த வருஷம் பொம்மையை அவரே கட்டினார். இறந்தவர் துணியைப் பதினாறாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது. அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு பச்சைச் சேலையை ஒளித்து வைத்திருந்தார். தோட்ட வேலைக்கென்று அவள் கட்டுகிற சேலை. முப்பது வருஷம் என் சட்டை நனைந்தது, ஒரு வருஷம் அவள் சேலை நிற்கட்டும் என்று அதைப் பொம்மைக்குச் சுற்றிவிட்டார். தோட்டத்துக் கோடியில், அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில், வீட்டுக்கு முதுகு காட்டி, பின்பக்கத்துச் சந்தைப் பார்த்தபடி நட்டார்.

முதல் மழை விட்டதும் பார்த்தால் பொம்மை வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காற்றுதான் என்று நினைத்தார். இரண்டாம் மழைக்குப் பிறகு அது கத்தரிப் பாத்தியில் நின்றது. காற்று திருப்பும், தூக்கி நடுமா? சர்வேயர் அல்லவா, டேப்பை எடுத்து அளந்தார். பதினேழு அடி. அது முதலில் நின்ற இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தார், இப்போது நின்ற இடத்தில் இன்னொன்று. அடுத்த மழைக்கு வெண்டைப் பாத்தி, அங்கேயும் ஒரு குச்சி. அதற்கடுத்த மழைக்குத் துவைகல்.

"இப்ப படியிலேர்ந்து மூணடிம்மா."

"பழைய இடத்துல குழி இருக்கா?"

"இல்ல. புடுங்கின தடமே கிடையாது. காலடியும் இல்ல."

"யாரும் விளையாடுதாவளா?"

"சுவர் ஏழடி. கதவு உள்ள தாப்பா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பட்டப்பகல். மழை அடைச்சு ஊத்துச்சு, ஒரு நிமிஷம் ஒண்ணும் தெரியல. விலகினா, கல்லுக்கிட்ட நிக்கா."

"பயமா இருக்கா?"

"பயமா? எட்டு மாசத்துல இப்பத்தான்மா சந்தோஷமா இருக்கேன்."

சொல்லும்போது அவர் முகம் உண்மையிலேயே மலர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போன முகத்தில் அந்த மலர்ச்சியைப் பார்க்க நன்றாக இல்லை.

"சாப்பாட்டை நிறுத்திட்டேன். மகளுக்குக் கடுதாசி எழுதி வச்சிட்டேன். பேச்சியம்மை படியேறினா நான் அவகூடப் போயிருவேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா மனசு லேசாயிரும்."

மொழியம்மா அடுப்பை அணைத்தாள்.

"அவரை காச்சிருக்கா?" என்று கேட்டாள்.

திருமேனிக்குச் சுருக்கென்றது. "நான் சாவைப் பத்திக் கேக்கேன். நீங்க அவரைக்காயைப் பத்திக் கேக்கிய!"

"காச்சிருக்கா?"

"பாக்கல."

"வாங்க, போவோம்."

அவர்கள் வீட்டை அடைந்தபோது மதியம். மதியம் என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும், வெளிச்சம் அந்தி போல மங்கிக் கிடந்தது. காற்று நின்றிருந்தது. ஒரு இலை ஆடவில்லை, ஒரு காக்கை கத்தவில்லை. அடுக்களைக் கதவைத் திறந்ததும் நேரெதிரே பொம்மை நின்றது.

சுண்ணாம்பெல்லாம் மழையில் கரைந்து, சட்டியில் கண்ணும் இல்லை வாயும் இல்லை. சேலையின் கீழ்க்கரையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது. நின்ற இடத்தில் நிற்கிற பொம்மைக்கு அப்படி அப்பாது. பாத்தி பாத்தியாக மிதித்து வந்தவளுக்குத்தான் அப்பும்.

மொழியம்மா அதன் முன்னால் போய் நின்றாள்.

"நல்லாயிருக்கியளா அக்கா" என்றாள்.

விதை வாங்கக் குடிசைக்கு வரும் பேச்சியம்மையை அவள் அப்படித்தான் விசாரிப்பாள். இத்தனை நாள் திருமேனிக்கு வராத பயம் அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது. கால் தானாக வாசல் நாற்காலியைத் தேடிப் போனது, உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மாசமா அங்கதானா?" மொழியம்மா திரும்பாமலே கேட்டாள்.

"எங்க?"

"அந்த நாற்காலியில."

அவர் குனிந்து நாற்காலியைப் பார்த்தார்.

"எந்திரிங்க. அந்தக் கோடிக்குப் போயி, பொம்மை முதல்ல நின்ன இடத்துல நில்லுங்க."

"நானா? எதுக்கும்மா?"

"அவுக இங்க வந்துட்டாவள்ல. அங்க ஆளில்ல."

திருமேனி எழுந்தார். பொம்மையைச் சுற்றிக்கொண்டு போகும்போது சேலை முந்தானை அவர் கையில் பட்டது. ஈரமாக இருக்கும் என்று நினைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

துவைகல்லைத் தாண்டினார். வெண்டைப் பாத்தியில் முளைக்குச்சி நின்றது, வெண்டை நிற்கவில்லை. எல்லாம் சேற்றில் படுத்துக் கிடந்தது. கத்தரிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி வேர் அழுகி நாறியது. ஒரு வெட்டு வெட்டி வாய்க்கால் விட்டிருந்தால் வடிந்திருக்கும். டேப்பைப் பிடித்துக்கொண்டு இதே பாத்தியில் அவர் எத்தனை தடவை குனிந்திருக்கிறார்! தண்ணீர் கண்ணில் படவேயில்லை. வெட்கத்தில் காது சூடானது.

கோடியில் அவரைப் பந்தல் மட்டும் நின்றது. ஆடியில் பேச்சியம்மை ஊன்றிய விதை. ஊன்றிய எட்டாம் நாள் முளை வந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. இப்போது பந்தல் முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காய். பறிக்க ஆளில்லாமல் பாதி முற்றிக் கிடந்தது. அந்தப் பாரத்தில் பந்தலின் ஒரு கால் மண்ணிலிருந்து முக்கால்வாசி கிளம்பியிருந்தது.

மொழியம்மாவும் பின்னாலேயே வந்து பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"காச்சிருக்கும்மா" என்றார் திருமேனி. "நிறைய காச்சிருக்கு."

அப்போது மலைப்பக்கம் ஓவென்று ஒரு இரைச்சல் கேட்டது. காற்று வந்துவிட்டது, அதன் பின்னாலேயே மழையும். சுவர் மறைந்தது, துவைகல் மறைந்தது. தலைக்கு மேல் பந்தல் கிறீச்சிட்டது. திருமேனி முகத்தை வழித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

படிக்கு முன்னால் பொம்மை இல்லை.

அடுக்களை வாசல் மட்டும் மழைக்குள் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே நாற்காலியில் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, ஒட்டிய கன்னம், முழங்காலில் வைத்த கை. அந்தக் கையின் சுண்டுவிரல் வளைந்திருந்தது. திருமேனி தன் கையைப் பார்த்தார். சின்ன வயதில் ஒடிந்து வளைந்த சுண்டுவிரல் அவரிடமும் இருந்தது.

பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி படியேறி உள்ளே போனாள். சேற்றுக் காலை வாசலில் தேய்த்துவிட்டுத்தான் போனாள். பேச்சியம்மை அப்படித்தான் தேய்ப்பாள், இடது கால் முதலில். நாற்காலிக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். உட்கார்ந்திருந்தவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருவரும் வீட்டுக்குள், இருட்டான பக்கமாக நடந்தார்கள். இரண்டு பேரில் ஒருவரும் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா!" திருமேனி அலறினார். "அந்தா... நான் போறேனே! என்னை இங்க விட்டுட்டு நான் அவகூடப் போறேனே!"

மொழியம்மா வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. சாய்ந்துவந்த பந்தலின் குறுக்குக் கழியைத் தோளில் தாங்கி, முழங்கால் மடங்க நின்றிருந்தாள்.

"போறவரைப் போக விடுங்க. நீங்க அந்தப் பந்தக்காலைப் பிடிங்கய்யா."